சாதாரணச் சதுரங்க ஆட்டம் ஒன்று

சதுரங்கம் என்றவுடனே நம் மனம் உலக வீரர்களை நாடி ஓடுகிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் நிகழ்ந்ததை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். உலகப் பட்டத்துக்கான போட்டியின் பதினான்காவது ஆட்டம் அது. சென்னையைச் சேர்ந்த குகேஷ் ஒருபுறம். சீனத்தின் டிங் லிரென் மறுபுறம். ஆட்டம் சமநிலையிலேயே முடியும் என்று பார்த்திருந்தவர் பலரும் எண்ணிய வேளையில், ஐம்பத்தைந்தாவது நகர்வாகத் தம் யானையை ஒரு கட்டத்தில் வைத்தார் டிங். அந்த ஒரு நகர்வால் யானைகள் வெட்டுண்டன, மந்திரிகள் வெட்டுண்டன, அரசர்களும் காலாள்களுமே எஞ்சினர். அந்த நிலை டிங்குக்குத் தோல்வி நிலையாக இருந்தது. பதினெட்டு வயது இளைஞர் உலகப் பட்டத்தைப் பெற்றார்.

உலகமே பார்த்த ஆட்டம் அது. ஆனால் நான் இன்று சொல்லப் போவது யாரும் பார்க்காத ஓர் ஆட்டத்தைப் பற்றி. ஒரு பெரிய போட்டி மண்டபத்தில் முதல் பலகையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால், சுவரோரத்தில் எழுபதாவது பலகையோ எண்பதாவது பலகையோ இருக்கும். அதற்கு முன்னும் இருவர் அமர்ந்திருப்பார்கள். அவர்களுடைய ஆட்டம் எந்த நூலிலும் அச்சேறாது. ஆயினும் சதுரங்கம் என்பது உண்மையில் எத்தகைய ஆட்டம் என்பதை அறிய வேண்டுமானால், அந்த எண்பதாவது பலகையின் அருகே சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூரில் நடந்த அதே நிகழ்ச்சி, உடையை மட்டும் மாற்றிக்கொண்டு, அங்கே வாரந்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்விருவரும் யார்? சங்கங்களில் விளையாடுகின்ற சாதாரண ஆட்டக்காரர்கள். விதிகளை நன்கு அறிந்தவர்கள். சில நூல்களைப் படித்தவர்கள். வீட்டாரையும் அண்டை அயலாரையும் எளிதில் வெல்லக் கூடியவர்கள். ஆனால் தேர்ந்த வீரர் ஒருவர் முன் அமர்ந்தால், எப்படித் தோற்றோம் என்பதை அறியாமலே தோற்று எழுபவர்கள். இத்தகையோரின் திறனை அளப்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் பௌதிகம் கற்பித்த பேராசிரியர் அர்ப்பாட் ஈலோ என்பவர் வகுத்த தரப்புள்ளி முறை அது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஒருவருக்கு மற்றவரைவிட இருநூறு புள்ளிகள் மிகுதியாக இருந்தால், நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ மூன்று புள்ளிகளை அவர் பெறுவார் என்று எதிர்பார்க்கலாம் என்பது அதன் கணக்கு. நம் இருவருக்கும் தரப்புள்ளி ஆயிரத்து ஐந்நூறை ஒட்டியது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, இருவரும் சரிக்குச் சரி.

பெயர்கள் வேண்டா. இது இத்தகைய பல ஆட்டங்களுக்கு மாதிரியாக நான் எடுத்துக்கொண்ட ஓர் ஆட்டமே. வெள்ளைக் காய்களை ஆடுபவரை வெள்ளையர் என்றால் நமக்கு வேறு நினைவுகள் வந்துவிடும்! ஆகையால் அவரை ஆசிரியர் என்போம். பணி ஓய்வு பெற்றவர். கறுப்புக் காய்களை ஆடுபவரை மாணவர் என்போம். பள்ளியின் இறுதி வகுப்பில் படிப்பவர். போட்டியின் கடைசிச் சுற்று. வென்றால் ஒரு புள்ளி, சமநிலையானால் அரைப் புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை.

பலகையின் பக்கத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. இந்தக் கடிகாரம் ஆதியில் இல்லாதது. 1851ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடைபெற்ற முதல் சர்வதேசப் போட்டியில் காலவரையறை என்பதே கிடையாது. எதிரி சலித்துப் போகுமளவும் சிந்தித்துக்கொண்டே இருக்கலாம். அதனால் எழுந்த மனக்கசப்புகள் பல. 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற் கடிகாரங்களை வைத்தார்கள். 1883இல் லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது; ஒன்று ஓடும்போது மற்றொன்று நிற்கும். இன்று நம் இருவர் நடுவே இருப்பது மின்கடிகாரம். ஒவ்வொருவருக்கும் தொண்ணூறு நிமிடம். அதோடு, ஒவ்வொரு நகர்வுக்கும் முப்பது விநாடி கூடுதலாகச் சேரும். இப்படிச் சிறிது சிறிதாகக் காலத்தைக் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு 1989இல் காப்புரிமை பெற்றவர் உலக வீரராயிருந்த பாபி ஃபிஷர். எவ்வளவு நெருக்கடியிலும் அரை நிமிடமாவது கையில் இருக்கும் என்பது அதன் நன்மை. அரை நிமிடத்துக்கு மேல் இராது என்பது அதன் கொடுமை.

கடிகாரத்துக்கு அடுத்தபடியாக இரண்டு விதிகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஆடும்போது, 'பொறு, பொறு, அதை வைக்கவில்லை' என்று திரும்ப எடுத்துக்கொள்கிறோமே, அது இங்கே செல்லாது. விரல் பட்டால் பட்டதுதான். மற்றொன்று, ஒவ்வொரு நகர்வையும் இருவரும் தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டும். பலகையின் நெடுக்கு வரிசைகள் எட்டுக்கும் வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி என எச் வரை ஆங்கில எழுத்துகள் பெயராகும். குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்கள். ஆகவே அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் சி2, டி6 என்பன போலத் தனித்தனிப் பெயர் உண்டு. இந்தத் தாளை வெறும் கணக்கேடு என்று எண்ண வேண்டா. ஆடுபவன் என்ன நினைத்தான் என்பதற்குச் சான்று அது. அதன் பயனைப் பிறகு காண்போம்.

ஆட்டம் தொடங்குகிறது. ஆசிரியர் அரசன் முன்னிருக்கும் காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகிறார். மாணவரும் அவ்வாறே செய்கிறார். ஆசிரியரின் குதிரை பாய்ந்து அந்தக் கறுப்புக் காலாளைத் தாக்குகிறது. மாணவரின் குதிரை அதற்குக் காவலாக வருகிறது. உடனே ஆசிரியரின் மந்திரி சாய்வாகச் சென்று அந்தக் காவற் குதிரையைக் குறி பார்க்கிறது. 1561ஆம் ஆண்டில் சதுரங்கத்தைப் பற்றி நூல் எழுதிய ரூயி லோபெஸ் என்னும் ஸ்பானியப் பாதிரியாரின் பெயரால் வழங்கும் தொடக்கம் இது. மாணவர் ஓரக் காலாளை ஒரு கட்டம் தள்ளி, 'மந்திரியாரே, வெட்டுகிறீரா, விலகுகிறீரா?' என்று கேட்கிறார். ஆசிரியர் குதிரையை வெட்டிவிடுகிறார். மாணவர் அரசிக்கு முன்னிருந்த காலாளால் மந்திரியை வெட்டுகிறார்.

இப்போது புதிதாகக் கற்பவருக்கு ஓர் ஆசை எழும். காவற் குதிரை போய்விட்டதே, நடுவில் நிற்கும் கறுப்புக் காலாளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எடுத்தால் கறுப்பரசி பலகையின் நடுவே டி4 கட்டத்துக்கு வந்து, வெள்ளைக் குதிரையையும் வெள்ளைக் காலாளையும் ஒருங்கே தாக்குவாள். குதிரை தப்பும், காலாள் போகும். எடுத்தது அப்படியே திரும்பிவிடும். ஆசிரியர் இதனை அறிந்தவர். ஆதலால் அவர் எடுக்காமல் அரசனுக்குக் கோட்டை கட்டுகிறார். மேலும் சில நகர்வுகள் சென்றபின் அரசிகள் இருவரும் வெட்டுண்டு பலகையை விட்டு நீங்குகிறார்கள். நகர்வுகள் ஒன்பதுகூட முற்றுப் பெறவில்லை.

இதுவரை நடந்ததில் இருவருக்கும் சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை. எல்லாம் ஏட்டுப் பாடம். சாதாரண ஆட்டக்காரரின் முதற்குறை இங்கேதான் இருக்கிறது. ஏட்டில் உள்ள நகர்வு அவருக்குத் தெரியும்; அந்த நகர்வு எதற்காக என்பது தெரியாது. இந்தத் தொடக்கத்தில் கறுப்பின் காலாள்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆகையால் அந்தப் பக்கத்தில் கறுப்பு எளிதில் வழி திறக்க இயலாது. மறுபக்கத்திலோ வெள்ளைக்கு மூன்றுக்கு எதிராக நான்கு காலாள்கள். காய்கள் குறையக் குறைய வெள்ளைக்கு நலம் கூடும். அதற்கு ஈடாகக் கறுப்பிடம் இரண்டு மந்திரிகள் இருக்கின்றன. காய்கள் நிறைந்து, வழிகள் திறந்திருக்கும் வரையில் அவற்றுக்கு வலிமை மிகுதி. வெள்ளை வெட்டிக் குறைக்க வேண்டும், கறுப்பு வெட்டாமல் காக்க வேண்டும் என்பதே இந்த நிலையின் உட்பொருள். ஆசிரியர் இதனைப் பாதி அறிவார். மாணவர் அறியார்.

ஏடு முடிந்தபின் நடு ஆட்டம். இங்கே தேர்ந்த வீரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள வேற்றுமை என்ன? வீரர் இருபது நகர்வுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறார், நாம் இரண்டைத்தான் எண்ணுகிறோம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. டச்சு நாட்டு உளவியலறிஞர் அட்ரியான் டெ குரூட் என்பவர் சதுரங்க ஆட்டக்காரர்களின் சிந்தனையை ஆராய்ந்து 1946இல் நூலாக வெளியிட்டார். உலக வீரர்கள் மற்றவர்களைவிட மிகத் தொலைவு எண்ணிப் பார்த்தார்கள் என்று அவர் காணவில்லை. நல்ல நகர்வு அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டது என்பதைத்தான் கண்டார். ஒரு நிலையைச் சில விநாடி காட்டி மறைத்தால், அவர்களால் அதனை ஏறக்குறைய அப்படியே திரும்ப அடுக்க முடிந்தது. பின்னர் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் இருவர் 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். காய்களைப் பொருளின்றிச் சிதறி வைத்துக் காட்டினால், வீரருக்கும் கற்றுக்குட்டிக்கும் நினைவில் பெரிய வேற்றுமை இல்லாமற் போயிற்று! நினைவாற்றலில் அவர்கள் நம்மின் வேறானவர்கள் அல்லர். நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் இடத்தில் அவர்கள் சொல்லாகப் படிக்கிறார்கள், அவ்வளவே.

நம் மாணவர் எழுத்துக் கூட்டுகிறார். தம் குதிரையைக் கொண்டுபோய் எதிரியின் யானையைத் தாக்க வேண்டும் என்ற ஒரே நினைவில் இருக்கிறார். பக்கத்தில் தம் காலாள் ஒன்று காவலின்றி நிற்பது அவர் கண்ணிற் படவில்லை. ஆசிரியர் அதனை எடுத்துக்கொள்கிறார். மாணவரின் காதுகள் சிவக்கின்றன. ஆயினும் அவர் மனந்தளரவில்லை. ஒரு காலாள் குறைந்த நிலையிலும் கருத்தூன்றி ஆடுகிறார். மூன்று மணி நேரம் கழிகிறது. குதிரைகளும் மந்திரிகளும் போயின. இருபுறத்துக் காலாள்களும் ஒவ்வொன்றாக வெட்டுண்டன. கடைசியில் ஆசிரியரிடம் அரசன், யானை, சி2இல் ஒரே ஒரு காலாள். மாணவரிடம் அரசனும் யானையும் மட்டும். பொறுமையோடு ஆடினால் மாணவர் இதனைச் சமநிலையாக்கிவிடலாம். யானைகள் உள்ளவரை ஒற்றைக் காலாளைத் தடுப்பது பெரும்பாலும் இயலும். ஆனால் ஆசிரியர் யானைக்கு எதிரே யானையை வைத்ததும், கடிகாரத்தில் இரண்டு நிமிடமே எஞ்சியிருந்த மாணவர் வெட்டிவிடுகிறார். ஆசிரியரின் அரசன் திரும்ப வெட்டி டி3இல் நிற்கிறான். கறுப்பரசன் விரைந்து டி6க்கு வருகிறான்.

நேயர்களே, இனிப் பலகையில் மூன்றே காய்கள். வெள்ளையரசன் டி3இல், வெள்ளைக் காலாள் சி2இல், கறுப்பரசன் டி6இல். ஆட வேண்டியவர் ஆசிரியர். இந்த மூன்று காய்களைக் கண்ணை மூடிக்கொண்டே நீங்கள் மனத்தில் வைத்துப் பார்க்கலாம். காலாள் எட்டாம் வரிசையை அடைந்தால் அரசியாகும், வெற்றி. கறுப்பரசன் அதனைத் தடுத்து நின்றால் சமநிலை.

ஆசிரியர் என்ன ஆடினார்? காலாளை இரண்டு கட்டம் முன்னே தள்ளினார். ஓடினால்தானே காலாள் அரசியாகும்? முன்னே இருப்பது எல்லையை விரைவில் அடையும் அல்லவா? இயல்பான எண்ணம். ஆனால் கையிலிருந்த வெற்றியை அந்த நகர்வு கைவிட்டது.

ஏன்? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு அரசர்களும் ஒருபோதும் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்க முடியாது. ஆகவே நடுவே ஒரே ஒரு கட்டம் விட்டு இருவரும் நேருக்கு நேர் நின்றால், ஆட வேண்டியவன் எவனோ அவன் விலகியாக வேண்டும். மற்றவன் முன்னேறுவான். குறுகலான வரப்பில் எதிரெதிரே வந்து நிற்கும் இருவரைப் போன்றது இது. முதலில் காலை எடுத்து வைக்க வேண்டியவன்தான் சேற்றில் இறங்குவான். சதுரங்கத்தில் ஆடாமல் இருக்க உரிமையில்லை. அந்த ஒரு விதியால், 'என் முறை' என்பதே சில வேளைகளில் தீமையாகிவிடுகிறது.

இப்போது சி2இல் இருந்த காலாளின் அருமை விளங்கும். ஆசிரியர் அரசனை சி4க்குச் செலுத்தியிருக்க வேண்டும். கறுப்பரசன் சி6க்கு வந்து எதிரே நிற்பான். ஆட வேண்டியவர் ஆசிரியர். விலக வேண்டியவரும் அவரே போலத் தோன்றும். அப்போது பின்னால் இருக்கும் காலாளை ஒரே ஒரு கட்டம், சி3க்கு, நகர்த்துகிறார்! முறை மாறிவிடுகிறது. இப்போது விலக வேண்டியவன் கறுப்பரசன். அவன் எப்பக்கம் விலகினாலும் வெள்ளையரசன் மறுபக்கமாக முன்னேறிக் காலாளுக்கு வழி செய்துவிடுவான். அந்தச் சிறு நகர்வு, மடியில் முடிந்து வைத்த காசு போன்றது. வேண்டும்போது எடுப்பதற்காகக் காக்க வேண்டியதை, ஆசிரியர் தேவையில்லாத வேளையில் செலவிட்டுவிட்டார். அரசன் முன்னே, காலாள் பின்னே என்பது இந்த இறுதி ஆட்டத்தின் பாலபாடம். அவரும் அதனை என்றோ படித்தவர்தாம். மூன்று மணி நேர உழைப்புக்குப் பின் நினைவுக்கு வரவில்லை.

மாணவருக்கு இப்போது மறுவாழ்வு. அவர் அரசனை சி5க்குக் கொண்டுவந்து காலாளின் வழியை மறிக்கிறார். வெள்ளையரசன் சி3. கறுப்பரசன் சி6க்குப் பின்வாங்குகிறான். வெள்ளையரசன் டி4க்கு வர, கறுப்பரசன் டி6இல் எதிர்நிற்கிறான். எவ்வளவு சரியான நகர்வு! காலாள் சி5க்குப் பாய்ந்து அரசனை முற்றுகையிடுகிறது, அரசன் சி6. வெள்ளையரசன் காலாளைக் காக்க சி4க்கு வருகிறான். கறுப்பரசன் நேர் பின்னே சி7. வெள்ளையரசன் டி5, கறுப்பரசன் டி7, மீண்டும் எதிரே. காலாள் சி6, கறுப்பரசன் சி7. வெள்ளையரசன் சி5க்கு வந்து காலாளுக்குப் பின்னே நிற்கிறான்.

இதுவரை மாணவர் ஒரு நகர்வும் தவறவில்லை. இன்னும் ஒரே ஒரு சரியான நகர்வு ஆடிவிட்டால் அரைப் புள்ளி அவருடையது. கடிகாரத்தில் ஐம்பது விநாடி. அவர் கை அரசனைத் தொடுகிறது. மூன்று கட்டங்களுக்குப் பின்வாங்கலாம்: பி8, சி8, டி8. வெள்ளையரசன் டி பக்கம் வந்தபோதெல்லாம் டி பக்கம் சென்று எதிர்த்த பழக்கம் அவர் கையில் இருக்கிறது. அரசனை டி8இல் வைக்கிறார்.

அதுவே தோல்வி. வெள்ளையரசன் டி6க்கு வந்து எதிரே நிற்கிறான். இப்போது விலக வேண்டியவன் கறுப்பரசன். அவன் சி8க்குப் போக, காலாள் சி7க்கு வருகிறது. பி7ஐத் தவிர அவனுக்கு வேறு இடமில்லை. வெள்ளையரசன் டி7இல் ஏறி நிற்க, அடுத்த நகர்வில் காலாள் அரசியாகிவிடும். மாணவர் சற்று நேரம் பலகையையே பார்த்திருந்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்திவிட்டு, கையை நீட்டினார்.

நேர் பின்னே சி8க்கு வந்திருந்தால்? வெள்ளையரசன் டி6க்கு வந்தால் டி8. பி6க்கு வந்தால் பி8. எந்தப் பக்கம் வந்தாலும் எதிரே நிற்க அவன் ஆயத்தமாக இருந்திருப்பான். காலாளை சி7க்குத் தள்ளினால் கறுப்பரசன் சி8இல் அமர்வான். காலாளைக் கைவிடாமல் காக்க வெள்ளையரசன் சி6க்கு வந்தானாயின், கறுப்பரசன்மேல் தாக்குதலும் இல்லை; அவன் நகர இடமும் இல்லை. அந்த நிலையைச் சமநிலை என்றே விதி கூறுகிறது. எதிரி எந்தப் பக்கம் வருவான் என்பது தெரியும்முன் தன் பக்கத்தைத் தீர்மானித்துவிட்டதுதான் டி8இன் குற்றம்.

இனிக் கணக்குப் பார்ப்போம். யானையை வெட்டியது மாணவரின் தவறு. காலாளை ஓடவிட்டது ஆசிரியரின் தவறு. அரசனைப் பக்கவாட்டில் ஒதுக்கியது மாணவரின் தவறு. மூன்று தவறுகள். முதலிரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. ஈடு செய்யப்படாமல் நின்றது கடைசித் தவறு ஒன்றுதான். வென்றவர் தவறு செய்யாதவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சதுரங்கப் பலகையில் அது அரிது. தவறிய பிறகும் ஊன்றி நின்று, அடுத்தவருடைய தவறுக்குப் பின் தாம் தவறாமல் இருந்தவரே பெரும்பாலும் வெல்கிறார். சிங்கப்பூரிலும் அதுதான் நடந்தது. எண்பதாவது பலகையிலும் அதுதான்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னவை அவை. சதுரங்க நூலார் இவ்வாட்டத்தைப் படை வலிமை, காலம், இடம் என்ற மூன்றாகவே பகுத்துக் கற்பிக்கிறார்கள். ஆசிரியருக்கு வலி இருந்தது. ஒரு காலாள் மிகுதி. காலத்தை அறியாமல் அதனை ஓடவிட்டார். மாணவர் காலத்தையும் அறிந்தார். கடைசியில் இடத்தை அறியாமல் போனார்.

ஆட்டம் இத்துடன் முடிந்துவிடவில்லை. போட்டிகளில் ஒரு நல்ல மரபு உண்டு. தாள்களில் கையெழுத்திட்டு நடுவரிடம் கொடுத்துவிட்டு, ஆடிய இருவருமே வெளியே வேறொரு பலகையின் முன் அமர்ந்து, அந்த ஆட்டத்தை மறுபடியும் ஆடிப் பார்ப்பார்கள். சற்று முன் ஒருவரையொருவர் வீழ்த்த முயன்றவர்கள், இப்போது சேர்ந்து உண்மையைத் தேடுவார்கள். எழுதி வைத்த தாளின் பயன் இங்கேதான் தெரிகிறது. தாள் இல்லாவிட்டால் நினைவு நமக்கு வேண்டியவாறு கதை கட்டும். வென்றவன் தன் திறத்தால் வென்றதாகவும், தோற்றவன் கடிகாரத்தால் தோற்றதாகவும் சொல்லிக்கொள்வார்கள். தாளோ முகம் பார்க்காது.

நம் ஆசிரியரும் மாணவரும் அவ்வாறே அமர்ந்தார்கள். தாம் வென்ற ஆட்டத்தில் தம் தவறைச் சுட்டிக்காட்ட வேண்டிய கடமை ஆசிரியருக்கு இல்லை. மாணவரும் அதனைக் கண்டிருக்கவில்லை. யானையை வெட்டியதிலிருந்தே தாம் தோற்றுவிட்டதாக நம்பியிருந்தார். ஆசிரியர் காலாளை சி2இல் வைத்தார். "தம்பி, நான் இந்தக் காலாளை ஓட்டியபோது உங்களுக்கு ஆட்டம் திரும்பி வந்துவிட்டது. அதன்பிறகு ஒன்றைத் தவிர எல்லாம் சரியாகவே ஆடினீர்கள். எங்கே தவறியது, நீங்களே பாருங்கள்" என்றார். மாணவர் தாளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நகர்வாக வைத்து வந்தார். அந்த இடம் வந்ததும் கை தயங்கியது. வெகுநேரம் யோசித்தார். இப்போது கடிகாரம் இல்லை. பிறகு அரசனை மெல்ல எடுத்து நேர் பின்னே சி8இல் வைத்தார். "இங்கேயா ஐயா?" என்றார். "அங்கேதான்" என்றார் ஆசிரியர். உடனே, வெள்ளையரசன் எந்தப் பக்கம் வந்தால் என்ன என்று இருவரும் மாறி மாறி ஆடிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

போட்டியின் பட்டியலில் ஆசிரியருக்கு ஒன்று, மாணவருக்குச் சுழி என்றே பதிந்திருக்கும். ஆனால் அந்த மூன்று காய்களின் நிலையில் இனி அவர் ஒருபோதும் தோற்க மாட்டார். உங்கள் வீட்டில் ஒரு பலகை இருந்தால், இன்றிரவு மூன்றே மூன்று காய்களை எடுத்து வையுங்கள். வெள்ளையரசன் டி3, காலாள் சி2, கறுப்பரசன் டி6. முதலில் காலாளை ஓட்டிப் பாருங்கள். பிறகு அரசனை முன்னே அனுப்பிப் பாருங்கள். குழந்தைகளில் ஒருவரை எதிரே அமர்த்திக்கொண்டால் இன்னும் நல்லது.